பழுப்பு மொச்சை

லீஸ்பெத்துக்கு ருட்கரைக் கண்டாலே ஆகாது. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் சட்டப் பீடத்தில் காப்பி இயந்திரத்தைச் சுத்தம் செய்ய வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ருட்கரைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல உழைப்பாளி" என்பாள். ஓர் ஆராய்ச்சியாளனை நல்ல உழைப்பாளி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அதற்கு என்ன பொருள் என்று படித்தவர்கள் நடுவில் விளக்கவேண்டியதில்லை.

இருவரும் ஒரே பேராசிரியரிடம் படித்தவர்கள். தெர்ஹார் என்று பெயர். நெதர்லாந்தில் தொழிலாளர் சட்டம் என்றால் அவர்தான் என்றிருந்த காலம் அது. லீஸ்பெத் நான்கு நாடுகளின் வேலைநிறுத்தச் சட்டங்களை ஒப்பிட்டு எழுதி, முனைவர் பட்டத்தைச் 'சிறப்புடன்' வாங்கினாள். லத்தீனில் இரண்டே சொற்கள், பட்டச் சுருளின் ஓரத்தில் எழுதிக் கொடுப்பார்கள். ருட்கர் ஒரு வருஷம் கழித்து ஐரோப்பிய வேலை நேர விதிகளைப் பற்றி எழுதி, ஓரத்தில் எதுவும் இல்லாத சுருளை வாங்கினான். அன்றைக்கு அவனுக்குக் கை கொடுத்தபோது லீஸ்பெத்துக்கு உள்ளே தேன் பாய்ந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் பாய்ந்ததெல்லாம் அவன் பக்கம்தான்.

தெர்ஹார் ஓய்வு பெற்றதும் அவருடைய பேராசிரியர் இருக்கை ருட்கருக்குப் போயிற்று. அது போனால் போகிறது, புத்தகமும் போயிற்று. அந்த ஊர்ச் சட்ட உலகத்தில் பெரிய பாடநூல்கள் சாவதில்லை. எழுதியவர் ஒதுங்கிக்கொண்டால் தன் மாணவர் ஒருவரிடம் புத்தகத்தைக் கையளிப்பார். பழைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் புதிய பெயர் சேரும். 'தெர்ஹார்/ஹூக்ஸ்மா' என்று அட்டையில் போட்டு, நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் ருட்கரின் குடும்பப் பெயரைப் பையில் சுமந்துகொண்டு சைக்கிளில் போனார்கள். லீஸ்பெத் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது எதிரில் ஒரு பெண் அந்தப் புத்தகத்தில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டாள் என்றால், அன்று முழுக்க இவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவளும் பேராசிரியர் ஆனாள், பல வருஷம் கழித்து. விழாக்களில் பேராசிரியர்கள் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு வரிசையாக நடந்து வருவார்கள். முதலில் நியமனம் ஆனவர் முன்னால், பின்னால் ஆனவர் பின்னால். ஆகவே ருட்கர் எப்போதும் முன்னே, லீஸ்பெத் எப்போதும் பின்னே. அவன் பின்னந்தலையில் வழுக்கை விழுந்து அகன்ற கதை அவன் மனைவியைவிட இவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். அவளுக்கு முன்னும் பின்னும் அந்தத் துறையில் ஒருவரும் 'சிறப்புடன்' வாங்கவில்லை. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால், துறைத் தலைவன் என்ற முறையில் ருட்கர்தான் அவளை அறிமுகப்படுத்தவேண்டும். "இது லீஸ்பெத், எங்க துறையிலயே சிறப்புப் பட்டம் வாங்கின ஒரே ஆள்" என்பான், தொண்டையில் மீன்முள் சிக்கினவன் மாதிரி. அந்த ஒரு வரிக்காகவே அவள் எல்லா விருந்துகளுக்கும் போவாள்.

இப்படி இருக்கையில் இல்டிகோ வந்தாள்.

ஹங்கேரிக்காரி. தெற்கே ஏதோ சிறிய ஊர். ஆராய்ச்சி செய்ய ஆசை என்று லீஸ்பெத்துக்கும் ருட்கருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். லீஸ்பெத் கருத்தரங்கு ஒன்றில் இருந்தாள்; ஊர் திரும்பி நிதானமாகப் பதில் எழுதலாம் என்று விட்டாள். ருட்கர் அன்று மாலையே எழுதிவிட்டான். லீஸ்பெத் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு அவன் அறைக்குப் பக்கத்தில் மேசை போட்டாகிவிட்டது. அந்த மேசையைத் தாண்டித்தான் லீஸ்பெத் தினமும் தன் அறைக்குப் போகவேண்டும்.

ஆய்வேடு லீஸ்பெத்தின் கைக்குத் தேர்வாளர் என்ற முறையில் வந்தது. பென்சிலைக் கூர்சீவி வைத்துக்கொண்டு, குறை கண்டுபிடிக்கவே படித்தாள். ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். கர்ப்பமானதால்தான் அனுப்பினார்கள் என்கிறாள் அவள். இல்லை என்கிறார் முதலாளி. யார் நிரூபிக்கவேண்டும்? சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று தொழிலாளி காட்டிவிட்டால் போதும், நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி பக்கம் மாறிவிடும் என்பது ஐரோப்பியச் சட்டம். அது ஐந்து நாடுகளில் நிஜமாக எப்படி நடக்கிறது என்பதுதான் ஆய்வு. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஒப்பிட்டுவிடுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம், லீஸ்பெத்தும் செய்திருக்கிறாள். இந்தப் பெண் சின்னச் சின்ன ஊர் நீதிமன்றங்களுக்கு நேரில் போய், அச்சேறாத தீர்ப்புகளை எடுத்துப் படித்து எழுதியிருந்தாள்.

பாதிக்கு மேல் பென்சிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசி அத்தியாயத்தை முடித்தபோது லீஸ்பெத்துக்குக் கண் கலங்கியது. அது நெகிழ்ச்சி இல்லை. வயிற்றெரிச்சல். இது அவள் எழுதியிருக்கவேண்டிய புத்தகம். முன்னுரையில் 'எனக்கு இரண்டாம் தந்தையான ருட்கருக்கு' என்று இருந்தது. லீஸ்பெத்தின் பெயர் ஓர் அடிக்குறிப்பில், இன்னும் இரண்டு பேர் பெயரோடு சேர்ந்து, நடுவில் கிடந்தது.

சிறப்புப் பட்டத்துக்கு ருட்கரே பரிந்துரை எழுதினான். வெளியிலிருந்து இரண்டு அறிஞர்கள் படித்துப் பார்த்துத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். இனி வாய்மொழித் தேர்வு முடிந்ததும் தேர்வாளர் ஐந்து பேர் போடும் இரகசிய வாக்கு ஒன்றுதான் பாக்கி. ஐந்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் போச்சு.

லீஸ்பெத் வேண்டாம் என்று போடுவதாக முடிவு செய்தாள். அதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. சைக்கிளில் வரும்போதெல்லாம் அதை நினைத்து ஒருமுறை சப்புக்கொட்டிக்கொள்வாள். மேடையில் ருட்கர் முகம் எப்படிச் சுண்டிப்போகும் என்று பார்க்கவேண்டும் என்பதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

அன்றைக்கு அங்கி மாட்டும் அறையில் ருட்கர் முன்னாலேயே வந்து கண்ணாடி முன் நின்றிருந்தான்.

"என்ன லீஸ்பெத், அங்கி தொளதொளன்னு இருக்கு. எளச்சிட்டியா?"

"அங்கி அதேதான். உன் புது பதிப்பு மாதிரி அட்டைய மட்டும் மாத்துற பழக்கம் எனக்கில்ல."

பெல்ஜியத்திலிருந்து தேர்வாளராக வந்திருந்த யோரிஸ் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சிரித்தார். பருத்த மனிதர், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர். "ஆரம்பிச்சாச்சா? உங்க ரெண்டு பேரையும் பாக்கறதுக்கே ரயில் ஏறி வரலாம்பா."

"இன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு நல்ல நாள்" என்றான் ருட்கர். "கொஞ்சம் பாத்து கேளு."

"கேள்விதான் கேக்கப்போறேன். கழுத்தையா அறுக்கப்போறேன்?"

"உன் விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதானே" என்று அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

மணி ஒலித்தது. கட்டியக்காரி கோரி, வெள்ளிப் பூண் போட்ட கோலைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னே நடக்க, வரிசை மண்டபத்துக்குள் நுழைந்தது. லீஸ்பெத் வழக்கம்போல் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

இல்டிகோ கறுப்புக் கவுனில் நின்றிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும், வழக்கப்படி, தோழிகள் இருவர். முதல் வரிசையில் அவள் அம்மா, மொழி ஒன்றும் புரியாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே இந்தத் தேர்வில் நேரம்தான் ராஜா. கட்டியக்காரி உள்ளே வந்து கோலைத் தட்டி 'நேரம் ஆயிற்று' என்றால், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளவேண்டும்.

லீஸ்பெத் கடைசியாகக் கேட்டாள். பல நாள் தீட்டிய கேள்வி.

"மதிப்புக்குரிய ஆய்வாளரே" என்று சம்பிரதாயமாகத் தொடங்கினாள். "நீங்க சொல்றபடி பாத்தா, தொழிலாளி ஒரு சந்தேகத்தக் கெளப்பினா போதும், அப்புறம் முதலாளிதான் தன் மேல தப்பில்லன்னு காட்டணும். சரி. அந்த ஆள் நெஜமாவே செய்யலன்னா? ஏற்கெனவே கெட்ட பேரு எடுத்தவன்னு வெச்சுக்குங்க. இதையும் அவன்தான் செஞ்சிருப்பான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. செய்யாத ஒண்ண செய்யலன்னு அவன் எப்படி நிரூபிப்பான்? உங்க நானூறு பக்கத்துல அவனுக்கு எடம் எங்க?"

மண்டபத்தில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ருட்கர் கீழே பார்த்தான். இல்டிகோ தண்ணீர் குடித்தாள். குவளையை மெதுவாக வைத்தாள்.

"மேன்மைமிகு தேர்வாளரே, அவருக்கு எடம் கம்மிதான். அத நான் ஒத்துக்கணும்." மறுபடியும் யோசித்தாள். "ஆனா விஷயம் யார் கையில இருக்குன்னு பாக்கணுமில்லயா. வேலை போனவ கை வெறுங்கை. எதுக்கு அனுப்பினாங்கன்னு அனுப்பினவருக்குத்தான் தெரியும். அப்போ அவர் கைய விரிச்சுக் காட்டட்டும். உள்ள தப்பா ஒண்ணும் இல்லன்னா காட்டறதுல என்ன கஷ்டம்? கேட்டும் மூடியே வெச்சிருந்தார்னா, அதுக்கு மேல நீதிபதி மண்டைய ஒடச்சுக்க வேண்டியதில்ல."

"கைய விரிச்சுக் காட்டியும் ஊர் நம்பலன்னா?"

"அதுக்கு சட்டத்துல மருந்து இல்ல" என்றாள் இல்டிகோ. "இருக்குன்னு எழுதியிருந்தா நான் பொய் எழுதினவளாயிருப்பேன்."

கோல் தரையில் தட்டியது. கோரி உரக்கச் சொன்னாள், நேரம் ஆயிற்று என்று.

தேர்வாளர்கள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். லீஸ்பெத்துக்குக் காது கொதித்தது. தன் தேர்வில் அவள் எந்தக் கேள்விக்கும் 'ஒத்துக்கணும்' என்று சொன்னதில்லை. அடித்துப் பேசித்தான் சிறப்புப் பட்டம் வாங்கினாள். அந்த வயதில் தனக்கு வராத ஒன்று இந்தப் பெண்ணுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தபோது, பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது.

அறையில் பழைய பேராசிரியர்களின் படங்களுக்குக் கீழே நீண்ட மேசை. தலைமை வகித்தவர் கணிதத் துறைக்காரர். அவருக்கு வாக்கு இல்லை. கோரி ஒரு துணிப்பையைத் திறந்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளை மொச்சையும் ஒரு பழுப்பு மொச்சையும் வைத்தாள். இந்தப் பல்கலைக்கழகத்தில் இருநூறு வருஷமாக இப்படித்தான். வெளியே யாருக்கும் தெரியாது, பட்டம் வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. வெள்ளை என்றால் கொடுக்கலாம், பழுப்பு என்றால் வேண்டாம். வாயில் துணி கட்டிய ஈயக் கூஜா ஒன்று சுற்றி வரும். துணிக்குள் கையை விட்டு ஒன்றைப் போடவேண்டும்.

"மீந்தது உங்க பாக்கெட்ல" என்றார் தலைவர். "வீட்டுக்குப் போய் தூக்கிப் போடுங்க. ஒருத்தருக்கொருத்தர் காட்டக்கூடாது."

"சூப்பு வெச்சிடறோம்" என்றார் யோரிஸ். யாரும் சிரிக்கவில்லை.

கூஜா முதலில் ருட்கரிடம் போயிற்று. நெறியாளருக்கும் வாக்கு உண்டு. அது வெறும் சடங்கு என்று எல்லோரும் நினைப்பார்கள். தன் மாணவிக்குத் தானே எழுதிய பரிந்துரையை எவனாவது கவிழ்ப்பானா? பிறகு யோரிஸ், பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த அம்மாள், அப்புறம் சமூகவியல் துறைக்காரர் ஒருவர். கடைசியில் லீஸ்பெத்.

துணிக்குள் கையை விடும்வரை அவள் விரல்களில் இருந்தது பழுப்புதான். உள்ளே போனதும் நின்றுவிட்டாள். இந்தப் பெண்ணுக்குச் சிறப்பு இல்லை என்றால், தன்னுடைய சிறப்புக்கு என்ன மதிப்பு? காயலான் கடைக்கும் பெறாது. சுமாரானவர்கள்தான் தன்னைவிட நல்லதைக் கண்டால் காலை வாருவார்கள். நான் ஒன்றும் ருட்கர் இல்லை. இப்படித்தான் அவள் நினைத்தாள். பெருந்தன்மை என்று யாரும் ஏமாறவேண்டாம், கர்வம்தான். ஆனாலும் உள்ளங்கையில் ஒதுங்கியிருந்த வெள்ளை மொச்சையை விரலுக்குத் தள்ளிப் போட்டாள். அது கூஜாவின் அடியில் டக்கென்று விழுந்த சத்தம் கேட்டது. பழுப்பை அங்கிக்குள்ளே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

கோரி கூஜாவைத் தட்டில் கவிழ்த்தாள்.

நான்கு வெள்ளை. ஒரு பழுப்பு.

உண்மையைச் சொல்லவேண்டும். முதல் நொடியில் லீஸ்பெத்துக்கு வந்தது சந்தோஷம்தான். இன்னும் நான் ஒருத்திதான் என்று உள்ளே ஏதோ எழுந்து கை தட்டியது. அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கினாள். நான்கு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோரியும் பார்த்தாள். பார்த்த வேகத்தில் எல்லோரும் பார்வையைத் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

யார் என்று அவளும் தேட நினைத்தாள். ஆனால் அத்தனை பேரும் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னத்தைத் தேடுவது?

"சரி" என்றார் தலைவர். "அப்போ பட்டம் மட்டும். சிறப்பு இல்ல."

ருட்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பரவால்ல. ரகசிய ஓட்டுன்னா ரகசிய ஓட்டுதான். யாரையும் கேக்கறதுக்கில்ல."

மண்டபத்தில் பட்டச் சுருள் வைத்த சிவப்புக் குழலை இல்டிகோவிடம் கொடுத்தார்கள். அவள் தலைவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த இரண்டு சொற்களுக்காக. சிறப்புக்குப் பரிந்துரை போயிருந்தது அவளுக்குத் தெரியும். ஜெனீவாவில் கேட்டிருந்த ஆராய்ச்சி இடத்துக்கு அந்தச் சொற்கள் வேண்டியிருந்தன. தலைவர் வாழ்த்திவிட்டு உட்கார்ந்தார். அவள் சிரிப்பு மாறவில்லை. ஒரே ஒருமுறை லீஸ்பெத்தைப் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. ருட்கர் எழுந்து மாணவியைப் பாராட்டிப் பேசினான். குரல் தழுதழுத்தது. மொழி புரியாத அந்த அம்மாவும் அழுதாள்.

அதன் பிறகு கீழ்த்தளத்தில் விருந்து. சுடச்சுட இறைச்சி உருண்டை வறுவல், தொட்டுக்கொள்ளக் கடுகு, கண்ணாடிக் குவளைகளில் ஒயின். லீஸ்பெத் ஓர் உயரமான மேசைக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். யோரிஸ் தட்டும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"கேள்வி பிரமாதம்மா" என்றார். "ஆனா ஒரு வெள்ளைய போட்டிருக்கலாம். உனக்கு என்ன கொறஞ்சிடும் சொல்லு?"

"நான் போட்டது வெள்ளைதான் யோரிஸ்."

அவர் மென்றுகொண்டே அவளைப் பார்த்தார். பிறகு இரக்கமாகச் சிரித்தார். "சரி சரி. நான் கேக்கவும் இல்ல, நீ சொல்லவும் இல்ல. ரயிலுக்கு நேரமாச்சு."

கோட்டுப் பையில் விரல் பழுப்பு மொச்சையைத் தொட்டது. எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கலாம். நீட்டி என்ன ஆகப்போகிறது? கடைக்குக் கடை விற்கிறது. காலையில் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பாள், அவ்வளவு கெட்டிக்காரி என்பார்கள். அவளாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

இல்டிகோ தன் அம்மாவோடு ஒவ்வொரு மேசையாக வந்துகொண்டிருந்தாள். இவளைத் தாண்டிப் போகமுடியாது என்பதால் நின்றாள். அம்மா லீஸ்பெத்தின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள்.

"எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க" என்றாள் இல்டிகோ.

"உன் பதில் ரொம்ப நல்லா இருந்துச்சு, இல்டிகோ. மனசார சொல்றேன்."

"அப்படியா" என்றாள் அவள். "சந்தோஷம்." அம்மாவின் முழங்கையைப் பிடித்து அடுத்த மேசைக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே நின்ற ருட்கரின் தோளில் தலையைச் சாய்த்து என்னவோ சொன்னாள். அவன் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

லீஸ்பெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகமும் அவனுக்கு, இருக்கையும் அவனுக்கு, கடைசியில் சாய்ந்துகொள்ளத் தோளும் அவனுடையதுதான். தனக்கு மிச்சம் வேறு யாரோ போட்ட பழுப்பு மொச்சையின் பழி. அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் வறுவலைக் கடுகில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்று. இன்னொன்று. நன்றாகப் பசிக்கிறவன் சாப்பிடுகிற மாதிரி.

பிறகு அவளிடம் வந்து தோளில் கை வைத்தான். "நான் கோவப்படல லீஸ்பெத். எனக்குப் புரியுது. வயசாக ஆக ஒரு சிலத விட்டுக்கொடுக்கறது கஷ்டம்தான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லைதான். தன் வண்டி நிற்கும் இடத்தில் இன்னொருவர் வண்டியை நிறுத்தினால் பல்கலைக்கழகம் முழுக்கப் புகார்க் கடிதம் அனுப்புகிறவன். ஒரு பத்திரிகை அவன் கட்டுரையில் ஒரு பத்தியை வெட்டியதற்கு மூன்று வருஷம் அதன் ஆசிரியரோடு பேசாதவன். ஐந்து வருஷம் வளர்த்த பெண்ணின் வாயருகிலிருந்து சிறப்பைத் தட்டிவிட்டவள் என்று தான் நினைக்கும் ஒருத்தியைத் தோளில் தட்டி மன்னிக்கிறான். முகத்தில் ஓர் இளைப்பாறல். எங்கே பார்த்திருக்கிறோம் இதை என்று யோசித்தாள். பார்க்கவில்லை, அனுபவித்திருந்தாள். தட்டில் அந்தப் பழுப்பைக் கண்ட முதல் நொடியில் தனக்குள் கை தட்டியது எதுவோ, அதுதான் அவன் முகத்தில் உட்கார்ந்திருந்தது.

அவனுக்கும் சிறப்பு இல்லையே. இனி ஒவ்வொரு விருந்திலும் இரண்டு பேர் பெயரை அப்படிச் சொல்லவேண்டியிருந்திருக்கும், ஒருத்தி தன்னிடமே படித்தவள். ஊர் பார்க்கப் பரிந்துரை எழுதுவது வேறு. இருட்டில் துணிக்குள் கையை விடுவது வேறு. பழியைச் சுமக்க லீஸ்பெத் என்று ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

லீஸ்பெத் பையிலிருந்து பழுப்பு மொச்சையை எடுத்து, அவன் ஒயின் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது இது?"

"எனக்கு மீந்தது."

அவன் அதைப் பார்த்தான். வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்தினான். பிறகு சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இத வெச்சு என்ன நிரூபிக்கப் போற? கடையில கிலோ கணக்குல கெடைக்குது."

"ஒண்ணும் நிரூபிக்கல. லேசா ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் பொறுப்பு எந்தப் பக்கம் மாறும்னு உன் புத்தகத்துலயே எழுதியிருக்க. இப்போ உன்னோடத காட்டு."

அவன் வலது கை கால்சட்டைப் பைக்குள் போயிற்று. வெளியே வரவில்லை.

"ரகசிய ஓட்டு, லீஸ்பெத். வெளையாடாத."

"கைய விரிச்சுக் காட்டறதுல என்ன கஷ்டம் ருட்கர்? அந்தப் பொண்ணு எவ்வளவு அழகா சொல்லுச்சு. நீ சொல்லிக் கொடுத்ததுதானே?"

அவன் பதில் சொல்லுமுன் இல்டிகோ கைப்பேசியை ஆட்டிக்கொண்டு வந்தாள், பின்னால் அவள் அம்மா. "ருட்கர், ஒரு போட்டோ. அம்மா உங்க கூட எடுத்துக்கணும்னு அடம் பிடிக்கறாங்க." மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். "இது என்ன, மொச்சையா?"

ருட்கர் லீஸ்பெத்தைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் கெஞ்சியதில்லை. இப்போது கண்ணால் கெஞ்சினான். ஒரு வார்த்தை போதும். லீஸ்பெத் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால், வெள்ளை போட்டவளுக்கு எதிரே நின்றுகொண்டு அவள் பழுப்பு போட்டவனைத்தான் நம்புவாள். அது ஒன்று. ஒருவேளை நம்பிவிட்டால், அவளுக்குச் சாய்ந்துகொள்ள யாரும் இருக்கமாட்டார்கள். அது இன்னொன்று. எதற்காக வாயை மூடிக்கொண்டாள் என்று லீஸ்பெத்துக்கே தெளிவாகத் தெரியவில்லை.

"சூப்புல போடறது" என்றாள். மொச்சையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

இல்டிகோ சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. தயங்கி, கைப்பேசியை லீஸ்பெத்திடம் நீட்டினாள். "நீங்க எடுக்கறீங்களா?"

மூவரும் சேர்ந்து நின்றார்கள். அம்மா நடுவில், சிவப்புக் குழலை மார்போடு அணைத்தபடி. இல்டிகோ ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ருட்கர், இடது கையை அந்த அம்மாவின் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு.

லீஸ்பெத் கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். "ருட்கர், வலது கைய வெளிய எடு. படத்துல நல்லா இல்ல."

"ஆமா ருட்கர், எடுங்க" என்று இல்டிகோவும் சொன்னாள்.

ருட்கர் நன்றாகச் சிரித்தான். கை பைக்குள்ளேயே இருந்தது. லீஸ்பெத் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அப்படியே படத்தை எடுத்தாள்.